உள்ளே உருவாக்காமல் வெளியிலிருந்து வாங்குவது: இணையச் செயலிகளில் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்

ஒரு கிளாஸ் தன் வேலைக்கு வேண்டிய மற்ற ஆப்ஜெக்ட்களைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல், வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும்படி எழுதுவதற்கு டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்று பெயர். பெயர்தான் மிரட்டும், செய்வதெல்லாம் கன்ஸ்ட்ரக்டருக்கு இரண்டு மூன்று ஆப்ஜெக்ட்களைக் கையில் கொடுப்பதுதான். ஸ்பிரிங், ஏஎஸ்பி டாட்நெட் கோர், ஆங்குலர், லாராவெல், நெஸ்ட்ஜேஎஸ் என்று இன்று புழங்கும் ஃபிரேம்வொர்க்குகள் பலவும் இந்தப் பழக்கத்தின் மேல் எழுந்தவை. அவற்றின் வழியாக மட்டுமே இதைப் படிப்பவர்கள், கிளாஸின் தலையில் போடும் அனோட்டேஷன்களையும் கன்டெய்னர் என்ற பெட்டியையுமே இதன் சாரம் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். கன்டெய்னர் இல்லாமலும் இது நடக்கும். கன்டெய்னர் இருந்தும் இது நடக்காமல் போகும்.

ஒரு கல்லூரியின் தேர்வுக் கட்டணத்தை இணையத்தில் வசூலிக்கும் செயலியை எடுத்துக்கொள்ளலாம். அதில் கட்டணச் சேவை என்று ஒரு கிளாஸ். மாணவர் பதிவெண்ணைக் கொடுத்ததும் அது டேட்டாபேஸில் பாக்கி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கடைசித் தேதி தாண்டியிருந்தால் தாமதக் கட்டணத்தைச் சேர்க்க வேண்டும். பேமென்ட் கேட்வேயை அழைத்துப் பணத்தைப் பெற வேண்டும். ரசீதை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவசரத்தில் எழுதும்போது இவை எல்லாமே கிளாஸுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நியூ என்ற சொல்லைப் போட்டு டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று, இன்னொரு நியூ போட்டு கேட்வே கிளையன்ட், மூன்றாவதாக மின்னஞ்சல் அனுப்பும் ஆப்ஜெக்ட். கேட்வேயின் ரகசியச் சாவியும் அங்கேயே எங்காவது படிக்கப்படும். செயலி ஓடும். முதல் பருவத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தொல்லை மாற்றத்தின்போது வெளிப்படும். தாமதக் கட்டணக் கணக்கு சரியா என்று ஒரு டெஸ்ட் எழுத வேண்டும் என்றால், கட்டணச் சேவையை உருவாக்கிய உடனேயே அது உண்மையான டேட்டாபேஸைத் தேடும். உண்மையான கேட்வேயைத் தொடும். கணக்கைச் சோதிக்கப் போனவர் பணப் பரிமாற்றத்தை நடத்திவிடக்கூடும். கல்லூரி வேறு கேட்வேக்கு மாறினால், கட்டண விதிகளில் ஒரு வரிகூட மாறாதபோதும் கட்டண விதிகள் இருக்கும் கோப்பைத் திறந்து கை வைக்க வேண்டும். மேலும், அந்த கிளாஸுக்கு என்னென்ன தேவை என்பது அதன் முகப்பில் தெரியாது. உள்ளே ஒவ்வொரு வரியாகப் படித்தால்தான் தெரியும்.

டேட்டாபேஸ், கேட்வே, மின்னஞ்சல் என்ற இந்த மூன்று சார்புகளாவது கண்ணில் படும். நான்காவது ஒன்று படாது: நேரம். கடைசித் தேதி மார்ச் 15 என்று வைத்துக்கொண்டால், கிளாஸ் சர்வரின் கடிகாரத்தை நேரடியாகக் கேட்டு ஒப்பிடும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடுபவை. இந்திய நேரப்படி மார்ச் 16 பிறந்த பிறகும் ஐந்தரை மணி நேரம் சர்வருக்கு மார்ச் 15தான். விடிகாலை ஐந்து மணிக்குக் கட்டியவர் தாமதக் கட்டணமின்றித் தப்பிப்பார். கல்லூரியின் கணக்குப் பிரிவு காலையில் திகைக்கும். இந்தப் பிழையைச் சோதித்துப் பார்க்க, நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும் அல்லது கணினியின் கடிகாரத்தை மாற்ற வேண்டும். கடிகாரத்தையும் ஒரு சார்பாக வெளியிலிருந்து கொடுத்தால், டெஸ்ட் எழுதுபவர் மார்ச் 16, இந்திய நேரம் நள்ளிரவு 12 மணி 10 நிமிடம் என்று உறைந்து நிற்கும் ஒரு கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு விடையைப் பார்க்கலாம். ஜாவா 8 வெளியான 2014இல் வந்த கிளாக் என்ற கிளாஸ் இதற்காகவே அமைந்தது. டாட்நெட் உலகில் இதற்கு இணையான டைம் புரொவைடர் 2023இல், டாட்நெட் 8 உடன்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கடிகார இன்டர்ஃபேஸ் எழுதி வைத்திருந்தது என்றால் மிகையில்லை.

மாற்றி எழுதுவது எளிது. கட்டணச் சேவையின் கன்ஸ்ட்ரக்டர் நான்கு பொருள்களைக் கேட்கும்: மாணவர் பதிவேடு, கேட்வே, அஞ்சல் அனுப்புநர், கடிகாரம். கேட்டதை வாங்கித் தன் ஃபீல்டுகளில் வைத்துக்கொள்ளும். உள்ளே நியூ இல்லை. கேட்வே என்பது இங்கே ஒரு இன்டர்ஃபேஸ். தொகையையும் பதிவெண்ணையும் வாங்கிக்கொண்டு வெற்றி அல்லது தோல்வியைத் திருப்பும் ஒரே ஒரு மெத்தட் அதில் இருந்தால் போதும். பின்னால் நிற்பது எந்த நிறுவனத்தின் கேட்வே என்பது கட்டணச் சேவைக்குத் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த நான்கையும் யார் உருவாக்குவது? நியூ மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. செயலி தொடங்கும் இடத்தில், மெயின் என்ற ஃபங்ஷனிலோ அதற்கு ஒப்பான ஒரே கோப்பிலோ, எல்லா ஆப்ஜெக்ட்களும் வரிசையாக உருவாக்கப்பட்டு ஒன்றோடொன்று கோக்கப்படும். முதலில் டேட்டாபேஸ் இணைப்பு, அதைக் கொண்டு மாணவர் பதிவேடு, அதையும் மற்ற மூன்றையும் கொண்டு கட்டணச் சேவை, அதைக் கொண்டு வலைப்பக்கக் கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலர். மார்க் சீமன் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் பற்றிய தம் புத்தகத்தில் இந்த இடத்துக்கு கம்போசிஷன் ரூட் என்று பெயரிட்டார். கன்டெய்னர் எதுவுமின்றிக் கையால் கோப்பதை ப்யூர் டிஐ என்றார். கோ மொழியில் எழுதுபவர்கள் இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள்; மெயின் ஃபங்ஷன் நூறு வரி நீண்டாலும் அதைப் படித்தால் முழுச் செயலியின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். சிறிய, நடுத்தர அளவிலான செயலிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

இந்த எளிய யோசனை பெயர் பெற்றதற்குக் காரணம் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் ஜாவா உலகம். என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் என்ற ஏற்பாட்டில், ஒரு கிளாஸுக்கு டேட்டாபேஸ் வேண்டுமென்றால் ஜேஎன்டிஐ என்ற பெயர்ப் பதிவேட்டில் ஒரு சரத்தைக் கொடுத்துத் தேடி எடுக்க வேண்டும். அந்தப் பதிவேடு அப்ளிகேஷன் சர்வருக்குள்தான் உயிரோடு இருக்கும். ஆகவே பத்து வரிக் கணக்கைச் சோதிக்கவும் கனமான சர்வரை ஏற்றி, செயலியை அதில் நிறுவி, காத்திருக்க வேண்டியிருந்தது. ராட் ஜான்சன் 2002இல் வெளியிட்ட ஜே2இஇ வடிவமைப்பு பற்றிய புத்தகம் இதற்கு மாற்று ஒன்றை முன்வைத்தது. கூடவே ஏறத்தாழ 30,000 வரி நிரலும் வந்தது. வாசகர்களான யூர்கன் ஹோலரும் யான் கரோஃபும் அந்த நிரலைத் திறமூலத் திட்டமாக்கும்படி தூண்ட, அது ஸ்பிரிங் ஆயிற்று. 2004 மார்ச்சில் அதன் 1.0 பதிப்பு வந்தது. அதே காலத்தில் பால் ஹாமன்ட்டும் அஸ்லாக் ஹெல்லசோயும் பிகோகன்டெய்னர் என்ற சிறிய கருவியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இவை எல்லாவற்றையும் அப்போது இன்வெர்ஷன் ஆஃப் கன்ட்ரோல், அதாவது கட்டுப்பாட்டுத் தலைகீழாக்கம், என்ற பொதுப்பெயரால் அழைத்தார்கள். அந்தப் பெயர் மிகவும் அகலமானது. ரால்ஃப் ஜான்சனும் பிரையன் ஃபூட்டும் 1988இலேயே அதை ஃபிரேம்வொர்க்குகளின் பொது இயல்பாக எழுதியிருந்தார்கள்: நிரலாளரின் கோடு ஃபிரேம்வொர்க்கை அழைப்பதற்கு மாறாக, ஃபிரேம்வொர்க் நிரலாளரின் கோடை அழைக்கும். பட்டனை அழுத்தினால் ஓடும் ஃபங்ஷன்கூட இதில் அடங்கும். மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரையில், இங்கே தலைகீழாவது எது என்று கேட்டு, சார்புகளைப் பெறும் வழிதான் என்று பிரித்துக் காட்டி, டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரை நிலைநிறுத்தினார். ராபர்ட் மார்ட்டின் 1996இல் எழுதிய டிபென்டென்சி இன்வெர்ஷன் கோட்பாடு இதிலிருந்து வேறு. மேல்மட்ட விதிகள் கீழ்மட்ட விவரங்களைச் சாரக்கூடாது, இரண்டும் ஒரு சுருக்க இன்டர்ஃபேஸைச் சார வேண்டும் என்பது அது. எதை எது சார்ந்திருக்கலாம் என்பதற்கான விதி. இன்ஜெக்‌ஷன், சார்பு கைக்கு வந்து சேரும் வழி. ஒன்றில்லாமல் மற்றது இருக்கலாம்: இன்டர்ஃபேஸ் எதுவும் இல்லாமல், ஒரு திடமான கிளாஸையே கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்தாலும் அது இன்ஜெக்‌ஷன்தான். நேர்காணல்களில் இம்மூன்றும் ஒன்றாகக் குழப்பப்படுவது வாடிக்கை.

சார்பைக் கொடுக்கும் வழிகள் பல. கன்ஸ்ட்ரக்டர் வழியே முதன்மையானது. ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே முழுமையாகப் பிறக்கிறது. ஏதாவது ஒன்று குறைந்தால் கம்பைலரே தடுத்துவிடும். செட்டர் மெத்தட் வழியாகக் கொடுப்பது, இல்லாமலும் ஓடக்கூடிய விருப்பச் சார்புகளுக்குப் பொருந்தும். மூன்றாவது வழி ஃபீல்டின் மேல் அனோட்டேஷன் மட்டும் எழுதிவிட்டுக் கன்டெய்னரைத் திணிக்கச் சொல்வது. ஸ்பிரிங் 2.5 பதிப்பில், 2007இல், ஆட்டோவயர்டு அனோட்டேஷன் வந்த பிறகு இது காட்டுத்தீயாகப் பரவியது. எழுதுவதற்குச் சுகம், விலை பிறகு தெரியும். கன்டெய்னர் இல்லாமல் அந்த ஆப்ஜெக்டை உருவாக்கினால் ஃபீல்டுகள் வெறுமையாக இருக்கும், அழைத்த உடனே நல் பாயின்டர் பிழை. இன்னொரு மறைவான கேடும் உண்டு. கன்ஸ்ட்ரக்டரில் பதினோரு அளபுருக்கள் வரிசையாக நின்றால் எழுதுபவருக்கே கூச்சமாக இருக்கும், கிளாஸைப் பிரிக்கத் தோன்றும். ஃபீல்டுகளாகக் கிடந்தால் அந்தக் கூச்சம் வராது. ஸ்பிரிங் குழுவே இப்போது கன்ஸ்ட்ரக்டர் வழியைத்தான் பரிந்துரைக்கிறது. 2016இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து, கன்ஸ்ட்ரக்டர் ஒன்றே ஒன்று இருந்தால் அனோட்டேஷனே தேவையில்லை.

செயலி வளர்ந்து நூற்றுக்கணக்கான கிளாஸ்கள் ஆகும்போது கையால் கோப்பது சலிப்பூட்டும். அந்த வேலையைத்தான் கன்டெய்னர் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் நடப்பதில் மாயம் ஏதுமில்லை. முதலில் பதிவு: இந்த இன்டர்ஃபேஸைக் கேட்டால் இந்த கிளாஸைக் கொடு என்று ஒரு பட்டியல். பிறகு, ஒருவர் கன்ட்ரோலரைக் கேட்கும்போது, ரிஃப்ளெக்‌ஷன் என்னும் வசதியால் அதன் கன்ஸ்ட்ரக்டரைப் படித்து, அளபுருக்களின் வகைகளைப் பார்த்து, ஒவ்வொன்றையும் இதே முறையில் தேடி, அடியாழம் வரை போய், கீழிருந்து மேலாக உருவாக்கிக்கொண்டு வரும். பட்டியலில் இல்லாத வகை வந்தால் பிழை. ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு கிளாஸ்கள் இருந்தால், எதைக் கொடுப்பது என்று தெரியாமல் ஸ்பிரிங் நின்றுவிடும். ஒன்றை முதன்மையானது என்று குறிக்க வேண்டும், அல்லது பெயரிட்டுக் கேட்க வேண்டும். அ என்பதற்கு ஆ வேண்டும், ஆ என்பதற்கு அ வேண்டும் என்று வட்டமாகச் சுற்றினால் கன்ஸ்ட்ரக்டர் வழியில் இரண்டையுமே உருவாக்க முடியாது. ஃபீல்டு வழியில் முன்பு ஸ்பிரிங் இதைச் சமாளித்து மறைத்துக்கொடுத்தது. 2021 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 முதல் இத்தகைய வட்டங்கள் இயல்பாகவே தடை செய்யப்பட்டன. அந்தப் பதிப்புக்கு மாறிய பல செயலிகள், வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தவை, எழுந்திருக்கவே மறுத்தன. வட்டம் அங்கே முதல் நாளிலிருந்தே இருந்தது என்பதே உண்மை.

இணையச் செயலியில் எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டுவது ஆயுள். ஒரு ஆப்ஜெக்ட் எவ்வளவு காலம் வாழ வேண்டும், எத்தனை பேர் அதைப் பகிர வேண்டும் என்ற கேள்வி டெஸ்க்டாப் நிரலில் அவ்வளவு கடுமையாக எழாது. சர்வரில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் வேறுவேறு த்ரெட்களில் ஓடும். 2016இல் வெளியான ஏஎஸ்பி டாட்நெட் கோர், கன்டெய்னரை ஃபிரேம்வொர்க்கின் உள்ளேயே வைத்து, மூன்று ஆயுள்களைத் தந்தது. சிங்கிள்டன் என்றால் செயலி ஓடும் வரை ஒன்றே ஒன்று. ஸ்கோப்டு என்றால் ஒரு கோரிக்கைக்கு ஒன்று. பக்கம் அனுப்பி முடிந்ததும் அழியும். டிரான்சியன்ட் என்றால் கேட்கும்போதெல்லாம் புதிது. ஸ்பிரிங்கில் ஒன்றும் சொல்லாவிட்டால் சிங்கிள்டன்தான். இதை அறியாமல், உள்ளே நுழைந்த பயனரின் பெயரை ஒரு சேவையின் ஃபீல்டில் எழுதி வைப்பவர்கள் உண்டு. ஒருவர் மட்டும் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். இருவர் ஒரே நொடியில் வந்தால் ஒருவரின் ரசீது மற்றவரின் பெயரில் அச்சாகும்.

கட்டணச் செயலியில் இதை அருகில் நின்று பார்க்கலாம். டாட்நெட்டில் டேட்டாபேஸைக் கையாளும் என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் டிபிகன்டெக்ஸ்ட் என்ற ஆப்ஜெக்ட் டேட்டாபேஸுடன் நடக்கும் ஓர் உரையாடலைத் தாங்குவது. படித்த வரிசைகளை நினைவில் வைத்திருக்கும், மாற்றங்களைச் சேர்த்துக் கடைசியில் எழுதும். ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்கள் அதைத் தொடக்கூடாது. ஆகவே அது இயல்பாக ஸ்கோப்டு ஆகப் பதிவாகிறது. இப்போது ஒருவர், கட்டணச் சேவையை அடிக்கடி உருவாக்குவது வீண் என்று எண்ணி, அதை சிங்கிள்டன் ஆக்கிவிடுகிறார். கட்டணச் சேவைக்குள் மாணவர் பதிவேடு, பதிவேட்டுக்குள் டிபிகன்டெக்ஸ்ட். முதல் கோரிக்கையோடு முடிய வேண்டிய டிபிகன்டெக்ஸ்ட், சாகாத ஓர் ஆப்ஜெக்டின் கையில் மாட்டிக்கொண்டு, செயலி நிற்கும் வரை வெளியேற வழியில்லாமல் கிடக்கும். சீமன் இதற்குக் கேப்டிவ் டிபென்டென்சி என்று பெயரிட்டார். விளைவு இரண்டு விதம். கூட்டம் வரும் நாளில், முந்தைய செயல் முடியுமுன் இன்னொன்று தொடங்கிவிட்டது என்ற பிழை எழும். அதைவிட மோசம், பிழையே எழாமல், நேற்றே படித்து நினைவில் வைத்த பாக்கித் தொகையை இன்றும் காட்டிக்கொண்டிருப்பது. டெவலப்மென்ட் சூழலில் ஏஎஸ்பி டாட்நெட் கோர் இந்தச் சேர்க்கையைச் சோதித்துப் பிழை காட்டிவிடும். உற்பத்திச் சூழலில் அந்தச் சோதனை இயல்பாக அணைந்திருக்கும். டெவலப்மென்டில் வந்த எச்சரிக்கையை எப்படியாவது வாயடைக்கச் செய்தவர்களின் செயலிதான் பிறகு தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளன்று அகப்படும்.

விதி எளிது: அதிக காலம் வாழ்வது, குறைந்த காலம் வாழ்வதைக் கையில் பிடித்திருக்கக்கூடாது. பின்னணியில் இரவெல்லாம் ஓடி ரசீது அனுப்பும் சேவை இயல்பிலேயே சிங்கிள்டன். அதற்கு டேட்டாபேஸ் வேண்டுமென்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் தானே ஒரு ஸ்கோப்பைத் திறந்து, உள்ளே புதிய டிபிகன்டெக்ஸ்டை வாங்கி, வேலை முடிந்ததும் மூட வேண்டும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 5 பதிப்பு முதல் டிபிகன்டெக்ஸ்டை வேண்டும்போது செய்துகொடுக்கும் ஃபேக்டரி ஒன்றும் கிடைக்கிறது. அந்த ஃபேக்டரி சிங்கிள்டன் ஆக இருப்பதில் குற்றமில்லை. இதே ஆயுள் கேள்வி பிஹெச்பியில் நீண்ட காலம் எழவே இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் முதலிலிருந்து தொடங்கி முடிவில் அனைத்தும் அழியும் என்பதால், லாராவெலில் சிங்கிள்டன் என்று எழுதியதும் நடைமுறையில் ஒரு கோரிக்கைக்கு மட்டுமே வாழ்ந்தது. 2021இல் வந்த லாராவெல் ஆக்டேன், செயலியை நினைவகத்திலேயே வைத்திருந்து அடுத்தடுத்த கோரிக்கைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும், அதுவரை தீங்கற்றுக் கிடந்த சிங்கிள்டன்கள் பழைய கோரிக்கையின் விவரங்களைப் புதிய கோரிக்கைக்குக் கொண்டுபோயின.

உலாவியின் பக்கத்தில் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது 2010இல் வெளிவந்த ஆங்குலர்ஜேஎஸ். அது செய்த வித்தை சுவையானது. ஜாவாஸ்கிரிப்டில் அளபுருக்களுக்கு வகை கிடையாது. ஒரு ஃபங்ஷனைப் பார்த்து அதற்கு என்ன வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஆங்குலர்ஜேஎஸ் ஃபங்ஷனையே எழுத்துச் சரமாக மாற்றி, அடைப்புக்குறிக்குள் உள்ள அளபுருப் பெயர்களைப் படித்தது. அளபுருவின் பெயர் டாலர் எச்டிடிபி என்றிருந்தால் எச்டிடிபி சேவையைக் கொடுத்தது. எழுதுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இருக்க முடியாது. ஆனால் இணையதளத்தில் ஏற்றுமுன் கோப்பின் அளவைக் குறைக்க மினிஃபையர் ஓட்டுவார்கள். அது உள்ளூர் மாறிகளின் பெயர்களை எல்லாம் ஏ, பி என்று ஒற்றை எழுத்துகளாகச் சுருக்கிவிடும். கன்டெய்னர் ஏ என்ற சேவையைத் தேடும். அப்படி ஒன்று இல்லை. சொந்தக் கணினியில் ஓடிய செயலி, சர்வரில் ஏறியதும் வெள்ளைப் பக்கமாக நின்றது. கன்சோலில் ஏபுரொவைடர் தெரியாது என்று ஒரு வரி. பெயர்களை மேற்கோள் குறிக்குள் சரங்களாக இன்னொரு முறை எழுதி அணியாகக் கொடுப்பது தீர்வாயிற்று. மினிஃபையர் சரங்களைத் தொடாது. ஒரே பெயரை இருமுறை, அதே வரிசையில் எழுத வேண்டிய இந்தச் சலிப்பைப் போக்கத் தனிக் கருவிகளும் பிறந்தன. 2016 செப்டம்பரில் வந்த ஆங்குலர் 2, டைப்ஸ்கிரிப்டின் வகைகளைக் கொண்டு இதைத் தீர்த்தது. அங்கும் இன்டர்ஃபேஸ் என்பது கம்பைல் ஆனதும் மறைந்துவிடுவதால், அதற்குப் பதில் ஒரு தனி டோக்கனைப் பதிய வேண்டியிருக்கிறது. நெஸ்ட்ஜேஎஸ்ஸிலும் இதே கதைதான்.

பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ வேறு பாதையில் போயிற்று. அங்கே பதிவுப் பட்டியல் இல்லை. கோரிக்கையைக் கையாளும் ஃபங்ஷன், தன் அளபுருவுக்கு எதிரே டிபென்ட்ஸ் என்று எழுதி இன்னொரு ஃபங்ஷனைச் சுட்டுகிறது. ஃபிரேம்வொர்க் அதை ஓட்டி விடையைக் கொடுக்கிறது. ஒரே கோரிக்கைக்குள் பல இடங்களில் அதே சார்பு கேட்கப்பட்டால் ஒருமுறைதான் ஓட்டும். டேட்டாபேஸ் செஷனைத் திறந்து, யீல்டு என்று கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே மூடும் வரியை எழுதினால், வேலை முடிந்ததும் மூடப்படும். ஆயுள் முழுவதும் ஐந்தாறு வரிக்குள் கண்ணெதிரே இருக்கிறது. டெஸ்டில், உண்மையான ஃபங்ஷனுக்குப் பதில் இதை ஓட்டு என்று ஓர் அகராதியில் மாற்றி எழுதினால் போதும். நுழைவுச் சோதனையும் இதே வழியில் ஒரு சார்பாக வரும் என்பதால், டெஸ்டில் ஒரு பொய்ப் பயனரை உள்ளே நிறுத்துவது ஒற்றை வரி வேலை.

கன்டெய்னர் கையில் இருக்கும்போது அதையே எல்லா இடத்துக்கும் கொடுத்துவிட்டு, வேண்டியதை அங்கங்கே கேட்டு எடுக்கலாமே என்று தோன்றும். அதற்கு சர்வீஸ் லொக்கேட்டர் என்று பெயர். ஃபௌலர் 2004 கட்டுரையில் அதை இன்ஜெக்‌ஷனுக்கு நிகரான மாற்றாகவே எடுத்துப் பேசினார். சீமன் 2010இல் அதைத் தவிர்க்க வேண்டிய வழக்கம் என்று சாடினார். இணையச் செயலிகளின் அனுபவம் சீமன் பக்கமே சாய்கிறது. லொக்கேட்டரைப் பெற்ற கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கும்: லொக்கேட்டர். உள்ளே அது எதைத் தேடுகிறது என்பது மறுபடி மறைந்துவிட்டது. ஜேஎன்டிஐ காலத்துத் தொல்லை புது உடையில் திரும்புகிறது. லாராவெலின் ஃபசாடுகள் இந்த வழக்கில் நடுவில் நிற்பவை. ஸ்டேடிக் மெத்தட் போலத் தோன்றினாலும் பின்னால் கன்டெய்னரிடமிருந்தே எடுக்கின்றன, டெஸ்டில் மாற்றவும் வழி வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு கன்ட்ரோலரில் எட்டு ஃபசாடுகள் சிதறிக் கிடந்தால், அதற்கு எட்டுச் சார்புகள் உண்டு என்பதை எண்ணிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ரிஃப்ளெக்‌ஷன் வழியே தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஆராய்வதால் பெரிய செயலிகள் எழுந்து நிற்கவே நேரமாகும் என்ற குறை, கோரிக்கை வரும்போது மட்டும் உயிர்பெறும் சர்வர்லெஸ் சூழலில் பெரிதாகத் தெரிந்தது. பிஹெச்பியின் சிம்ஃபனி வெகு காலமாகவே தன் கன்டெய்னரை ஒரு பிஹெச்பி கிளாஸாகக் கம்பைல் செய்து வைத்துக்கொள்கிறது. ஜாவாவில் 2018இல் வந்த மைக்ரோநாட்டும் 2019இல் வந்த குவார்கஸும் கோக்கும் வேலையைப் பில்டு நேரத்துக்கே நகர்த்தின. இதன் இன்னொரு நன்மை, விடுபட்ட சார்பு செயலி ஓடும்போது வெடிக்காமல் பில்டின்போதே பிடிபடுவது.

அளவு மீறுவதும் நடக்கிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ், அதற்கு ஒரே ஒரு நிறைவேற்றம், பெயரின் முன்னே ஒரு ஐ என்ற எழுத்து மட்டும் வித்தியாசம் என்று கோப்புகள் இரட்டிப்பாகும். தொகையைக் கூட்டுவது, பதிவெண்ணின் வடிவத்தைச் சரிபார்ப்பது, தேதியை எழுத்தில் எழுதுவது போன்ற தூய கணக்குகளை இன்ஜெக்ட் செய்ய வேண்டியதில்லை, நேரே அழைக்கலாம். டேட்டாபேஸ், வலையமைப்பு, கோப்பு, கடிகாரம், தற்செயல் எண் என்று நிரலுக்கு வெளியே கை நீட்டும் இடங்களே இன்ஜெக்‌ஷனுக்கு உரியவை. ஒவ்வொரு சார்புக்கும் மாக் ஆப்ஜெக்ட் வைத்து, எந்த மெத்தட் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று எண்ணும் டெஸ்ட்களும் இதே மிகையின் பிள்ளைகள். கட்டணச் சேவைக்கு ஒரு பொய்க் கேட்வே, உறைந்த கடிகாரம், நினைவகத்தில் ஒரு பட்டியலாக வாழும் பதிவேடு, இவை போதும். தாமதக் கட்டணம் சேர்ந்ததா, கேட்வே தோற்றால் ரசீது போகாமல் இருந்ததா என்று பார்த்தால் டெஸ்டின் கடமை முடிந்தது.

பழைய செயலியில் இதைக் கொண்டுவர எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டியதில்லை. மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் வெளியிட்ட, பழைய நிரலைக் கையாள்வது பற்றிய புத்தகத்தில் ஒரு படிமுறை உண்டு. கட்டணச் சேவையின் பழைய கன்ஸ்ட்ரக்டரை அப்படியே விட்டுவிட்டு, நான்கு சார்புகளையும் அளபுருவாகக் கேட்கும் இரண்டாவது கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைப் பக்கத்தில் எழுத வேண்டும். பழையது, தான் முன்பு உருவாக்கிய ஆப்ஜெக்ட்களையே உருவாக்கிப் புதியதற்குக் கொடுக்கும். இதுவரை அதை அழைத்தவர்கள் எவரும் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். டெஸ்ட்கள் புதிய கன்ஸ்ட்ரக்டரைப் பயன்படுத்தத் தொடங்கலாம். அழைக்கும் இடங்கள் ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாறி, பழைய கன்ஸ்ட்ரக்டரை அழைப்பவர் யாரும் இல்லை என்று எடிட்டர் காட்டும்போது அதை அழித்துவிடலாம். டெஸ்ட் எழுத முடியாமல் தவித்த கிளாஸ்களில், அடிக்கடி மாறும் கிளாஸிலிருந்து தொடங்குவது லாபம். வருடத்தில் ஒருமுறைகூடத் திறக்கப்படாத கோப்பை அப்படியே விட்டுவைக்கலாம்.